பாயில் விழுந்த மரபு

2017 ஏப்ரல் 27 அன்று சீனாவின் செங்டு நகரத்தில் ஒரு தாய்ச்சி வாத்தியார் தரையில் விழுந்தார். பெயர் வெய் லெய். எதிரே நின்றவர் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஷூ ஷியாவ்தோங், கலப்புச் சண்டைப் பயிற்சியாளர். தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. விழுந்தவரை எழவிடாமல் ஷூ தரையோடு வைத்துக் குத்த, சண்டை நிறுத்தப்பட்டது. காட்சி நாடு முழுக்கப் பரவியது. சீன ஊஷூ சங்கம் கண்டனம் தெரிவித்தது. ஷூவின் வெய்போ கணக்கு மூடப்பட்டது. 2019இல், இன்னொரு தாய்ச்சிப் பெரியவரான சென் ஷியாவ்வாங்கை அவமதித்தார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு கட்டவும் நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் சீட்டு வாங்க முடியாத நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.

ஒரு வாத்தியார் அடி வாங்கினதுக்கு அரசாங்கம் ஏன் இவ்வளவு பதறணும்?

அந்தக் காட்சியைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோல்வி பெரிய விஷயமில்லை, யார் வேண்டுமானாலும் தோற்கலாம். என்னை உறுத்தியது வேறு. விழுந்த பிறகு அந்த உடலுக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. நிற்கும்வரை இலக்கணம் இருந்தது, விழுந்ததும் மொழியே போய்விட்டது. இத்தனை நூற்றாண்டுப் பெருமை பேசும் ஒரு மரபு தரையை எப்போது மறந்தது? பிரேசிலிலிருந்து வந்த ஒரு வித்தையைச் சீனச் சண்டைக்காரர்கள் ஏன் இப்படிப் போய்க் கற்றுக்கொள்கிறார்கள்? நான் குஸ்தி போட்டவன் இல்லை, தமிழ் எம்.ஏ. படித்தவன். உடலையும் பிரதியாக வாசிக்கலாம் என்று நாமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் அது சுலபம். ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்தால் எந்த வாசிப்பும் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிரேசிலிய ஜியு-ஜித்சுவின் கதையைப் பிரேசிலில் தொடங்க முடியாது. 1904இல் டோக்கியோவை விட்டு இரண்டு இளைஞர்கள் வெளியேறினார்கள். ஒருவர் லூ சுன். சீன மாணவர்களுக்காக ஜிகாரோ கானோ நடத்திய கோபுன் கல்லூரியில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்துவிட்டு, மருத்துவம் படிக்க செண்டாய் போனார். இன்னொருவர் மித்சுயோ மயேதா. அதே கானோவின் கோதோகான் பள்ளியில் ஜூடோ பயின்றவர். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மயேதா பல நாடுகளில் காசுக்குச் சண்டை போட்டு 1914இல் பிரேசிலை அடைந்தார். அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பெலெம் நகரத்தில் தங்கி, கார்லோஸ் கிரேசி என்ற பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1925இல் ரியோ டி ஜெனிரோவில் கார்லோஸ் பள்ளி திறந்தார். அவருடைய தம்பி ஹேலியோ மெலிந்த உடல்காரர். தூக்கி எறிவதைவிடத் தரையில் கிடந்தபடி கையை, கழுத்தைப் பூட்டுவதில் அந்தக் குடும்பம் கவனத்தைக் குவித்தது. மல்லாந்து கிடப்பவன் தன் கால்களுக்கு நடுவே எதிராளியைச் சிறைவைக்கும் ‘கார்ட்’ என்ற நிலை இதன் உயிர்நாடி. மற்ற பல மற்போர்களில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. இங்கே அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது.

கீழே கிடப்பவனின் கலை என்றதும் நம்மில் சிலருக்கு உடனே கண்ணீர் வந்துவிடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிரேசி குடும்பம் ரியோவின் வசதியானவர்கள் பக்கம் நின்ற குடும்பம். 1930களில் ஒரு போட்டி மல்லரைச் சகோதரர்கள் கூட்டாகத் தாக்கி தண்டனை பெற்றபோது, அதிபர் வர்காஸின் மன்னிப்பு அவர்களைக் காப்பாற்றியது. நகரத்தின் வடக்குப் புறநகரில் ஏழைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒஸ்வால்டோ ஃபாடா வேறு கொடிவழியில் வந்தவர். 1950களில் அவருடைய மாணவர்கள் கிரேசி பள்ளிக்காரர்களை, அவர்கள் மட்டம் என்று ஒதுக்கிய கால்பூட்டுகளாலேயே வென்றார்கள். உலகம் முழுக்க விற்கப்படும் கதையில் ஃபாடா ஓர் அடிக்குறிப்பு. மயேதா கற்றுக்கொடுத்தது ஜூடோ என்பதும் அப்படித்தான் மங்கிப் போனது. 1951இல் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஹேலியோவின் கையை முறுக்கினார். ஹேலியோ ஒப்புக்கொள்ளவில்லை, அண்ணன் துண்டை எறிந்து நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்று பிரேசிலிய ஜியு-ஜித்சுவில் ‘கிமுரா’ என்றே பெயர். தோற்றவர்கள் வென்றவனின் பெயரைத் தங்கள் பாடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு பண்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் முதல் யு.எஃப்.சி. போட்டி. ஹேலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்கு இழுத்துப் பணியவைத்தார். மறுவருடம், ‘ஐந்து விலங்கு’ குங்ஃபூ பயின்ற ஜேசன் டெலூசியா என்ற அமெரிக்கர் அதே ராய்ஸிடம் கைப்பூட்டில் விழுந்தார். சீன வித்தைக்கும் இந்தத் தரைவித்தைக்கும் நடந்த சந்திப்புகளில் பலர் கண்முன் நடந்தது அது. சீனாவுக்குள் அதிர்வு எட்டப் பத்து வருடமாயிற்று.

இப்போது சீனப் பக்கம் வருவோம். 1918இல் பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்குக் குத்துவரிசை கற்பிக்கும் இயக்கத்தை லூ சுன் ‘புதிய இளைஞர்’ இதழில் கிண்டல் செய்தார். 1900இல் பாக்ஸர் கலகக்காரர்கள் மந்திரம் ஜெபித்துத் துப்பாக்கிக் குண்டைத் தடுத்துவிடலாம் என்று நம்பிச் செத்ததன் நிழல் அவர் மனதில் இருந்தது. ஷாங்காயின் ஜிங்வு சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் பதில் எழுத, லூ சுன் மறுபடி எழுதினார். ‘ஆசியாவின் நோயாளி’ என்ற வசையால் காயப்பட்ட ஒரு தேசியம், உடலைத் தேற்றும் மருந்தாகப் பழைய வித்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. நோய்க்கு மருந்து வேண்டும் என்பதில் லூ சுன்னுக்கும் மறுப்பில்லை. மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது மருந்தா மந்திரமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் அப்போதே சிலருக்கு இருந்தது. 1928இல் நாங்கிங்கில் மத்திய தேசியக்கலைக் கழகம் தொடங்கி, அதே வருடம் மேடைபோட்டுச் சண்டைத் தேர்வு நடத்தினார்கள். 1929 நவம்பரில் ஹாங்செளவில் இன்னும் பெரிய போட்டி. வாய்ப்பேச்சில் வானத்தை வளைத்த பல ஆசான்கள் இந்த மேடைகளில் தடுமாறினார்கள். ஷுவாய்ஜியாவ் எனும் மற்போர் பழகியவர்களின் கை ஓங்கியது. அன்று அங்கே தெரிந்த பாடத்தைப் படித்திருந்தால் செங்டுவுக்குத் தேவையே இருந்திருக்காது.

அந்தக் கழகத்தில் ஆசிரியப் பணியில் இருந்தவர் தாங் ஹாவ். சட்டம் படிக்க ஜப்பான் போய் அங்கே ஜூடோவும் பயின்றவர். 1930இல் ஷாவோலின், வூதாங் மரபுகளைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் இரண்டு சிலைகளை உடைத்தது. தாய்ச்சியை ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ முனிவர் படைத்தார் என்பதும், ஷாவோலின் குத்துவரிசையைப் போதிதர்மர் தந்தார் என்பதும் பிற்காலக் கட்டுக்கதைகள் என்றார். அவரை அடித்து நொறுக்கச் சிலர் கிளம்பியதாகவும் நண்பர்கள் குறுக்கிட்டுத் தடுத்ததாகவும் சொல்வார்கள். கோபப்படும் முறை நமக்கு இங்கேயும் பரிச்சயம்தான். போதிதர்மர் விஷயத்தில் நாமும் கட்சிக்காரர்கள் ஆயிற்றே! காஞ்சிபுரத்து இளவரசர் போய்ச் சீனனுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று 2011இல் படமே எடுத்தோம். கி.பி. 547இல் எழுதப்பட்ட, அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. அதில் சண்டை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் பெயரைச் சண்டையோடு கட்டிப்போட்ட ‘தசைநார் மாற்றும் நூல்’ 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மூலம் தேடும் வியாதி எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

1949க்குப் பிறகு புதிய அரசு இந்த வித்தைகளை ஊஷூ என்ற ஒரே பெயரில் வரிசைப்படுத்தியது. 1956இல் தாய்ச்சியை 24 அசைவுகளாகச் சுருக்கி மக்கள் பயிற்சியாக்கினார்கள். நல்ல காரியம், இன்றும் பூங்காக்களில் கிழவர்கள் மூட்டுவலி இல்லாமல் நடக்க அது உதவுகிறது. அதே சமயம் சண்டை போடும் பகுதி கழன்று விழுந்தது. மதிப்பெண்ணுக்குச் செய்துகாட்டும் அழகுவரிசையாக ஊஷூ மாறியது. எதிராளி இல்லாத உடல், தன்னைப் பார்ப்பவரின் கண்ணுக்காகவே அசையும் உடல். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 1979இல் சண்டையைத் திரும்பக் கொண்டுவர ‘சான்டா’ என்ற போட்டிமுறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். குத்து, உதை, தூக்கி எறிதல் மூன்றும் உண்டு. விழுந்தால் நடுவர் எழுப்பி நிறுத்திவிடுவார், எறிந்தவனுக்குப் புள்ளி. ஷுவாய்ஜியாவிலும் பாதம் தவிர உடலின் எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் தோல்வி. மஞ்சு அரசவை மல்லர்களும் ஹூய் முஸ்லிம்களும் வளர்த்த அந்த மற்போருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால் அரசின் கண்ணும் படவில்லை.

அப்படியானால் சீனாவில் தரைச்சண்டையே இருந்ததில்லையா? இருந்தது, பெண்களிடம். ஒலிம்பிக் பதக்கத்துக்காக அரசு ஜூடோவை வளர்த்தபோது உழைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். உள் மங்கோலியாவின் காவ் ஃபெங்லியான் 1986இல் உலகச் சாம்பியன். வடகிழக்கின் ஷென்யாங்கைச் சேர்ந்த ஜுவாங் ஷியாவ்யான் 1992 பார்சிலோனாவில் தங்கம். தரையில் அமுக்கி வைக்கவும் கைபூட்டவும் கழுத்தை நெரிக்கவும் தெரிந்த சீன உடல்கள் அவை. ஆனால் ‘சீனச் சண்டைக்கலை’ என்று பேசும்போது யாரும் அவர்களைச் சேர்த்துக்கொண்டதில்லை. ஜப்பானியச் சட்டை போட்ட கனத்த பெண்கள், மலையுச்சியில் வெள்ளைத் தாடியோடு நிற்கும் முனிவரின் படத்துக்குள் எப்படி அடங்குவார்கள்?

சோதனை நின்ற இடத்தில் புனைவு குடியேறுகிறது. இதற்கு ஒரு பொருத்தமான சம்பவம் உண்டு. 1954 ஜனவரியில் மக்காவில் தாய்ச்சி ஆசான் வூ கோங்யிக்கும் வெள்ளைக்கொக்கு வித்தைக்காரர் சான் ஹாக்ஃபூவுக்கும் மேடைச் சண்டை. மூக்கில் ரத்தம் வந்ததோடு முடிவில்லாமல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பரபரப்பு அடங்குமுன், சில நாட்களிலேயே, ஹாங்காங் மாலைப் பத்திரிகை ஒன்றில் லியாங் யூஷெங் வீரசாகசத் தொடர்கதை தொடங்கினார். நவீன வூஷியா நாவலின் பிறப்பு இதுதான். பின்னால் ஜின் யோங் வந்தார், சினிமா வந்தது. நாம் தமிழ் பேசும் குறுந்தகடுகளில் பார்த்துக் குதித்ததெல்லாம் அந்தக் குட்டையிலிருந்து இறைத்த தண்ணீர்தான். முடியாத ஒரு சண்டையிலிருந்து ஒரு இலக்கியமே கிளம்பியது. இலக்கியக்காரனாக எனக்கு இதில் சந்தோஷம். சண்டைக்காரனுக்கு இது ஆபத்து; ஏனென்றால் அவனும் அந்த நாவலைப் படித்துத்தான் தன்னைத் தெரிந்துகொண்டான்.

2000களின் தொடக்கத்தில் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களும் அமெரிக்கச் சீனர்களும் பாய் விரித்து ஜியு-ஜித்சு பழகினார்கள். 2005இல் ஆண்டி பை என்ற அமெரிக்கச் சீனர் ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற கலப்புச் சண்டைப் போட்டியை பெய்ஜிங்கில் தொடங்கினார். சான்டாக்காரர்கள், மற்போர்க்காரர்கள், ஜூடோவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் ஏறியபோதுதான் சிக்கல் தெரிந்தது. எறிந்தவன் கையை உயர்த்திக்கொண்டு நடுவரைப் பார்ப்பான். கீழே விழுந்தவன் அவன் கையைப் பிடித்துக் கால்களால் பூட்டுவான். பத்து வருடம் விழுவதே முடிவு என்று பழகிய தசைக்கு, விழுந்த பின் தொடரும் நேரம் இருட்டறை போல. அதற்குள் பழக அவர்கள் வெள்ளைப் பெல்ட் கட்டி, தங்களைவிட இளையவர்களிடம், சில சமயம் அலுவலக வேலைக்காரர்களிடம், தோற்கப் பழகினார்கள். உள் மங்கோலிய மற்போரும் சான்டாவும் பழகி வந்த ஜாங் தியேச்சுவான் யு.எஃப்.சி.யில் இறங்கிய முதல் சீனர். 2011இல் சிட்னியில் அவர் வென்றது கழுத்து நெரிப்பால். ஹாங்காங் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. டோனி யென் 2005, 2007 படங்களில் பறக்கும் உதையைக் குறைத்துவிட்டு தரைப்பூட்டுகளைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மா பெயர்பெற்ற ஊஷூ ஆசிரியை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மரபுக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “இதெல்லாம் நம்மகிட்டயே இருந்தது.” ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். மூட்டைப் பூட்டும் ‘ச்சின்னா’ பிடிகள் பல சீனப் பள்ளிகளில் உண்டு, உண்மைதான். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் குடியேறிய சென் யுவான்யுன் என்ற சீன அறிஞர்தான் அங்கே ஜுஜுத்சுவை விதைத்தார் என்றும் சொல்வார்கள். 1888இலேயே கானோ இதை மறுத்து எழுதிவிட்டார். ஆனாலும் ஜூடோ என்ற பெயரிலுள்ள ‘ஜூ’, மென்மை வன்மையை வெல்லும் என்ற பழைய சீன ராணுவ நூலின் கருத்தைத் தாங்கி நிற்கும் எழுத்து. சீனத்தில் ஜியு-ஜித்சுவுக்கு ‘ரோஷூ’ என்று பெயர்; சர்க்கஸில் உடலை வில்லாக வளைக்கும் வித்தைக்கும் அதே சொல். சொல் சீனாவுடையது, சரி. பிடியும் இருந்தது, சரி. இல்லாதது எது?

என் பதில்: தட்டுவது. பூட்டு இறுகியதும் எதிராளியின் உடலையோ பாயையோ இரண்டு முறை தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம். இது இருப்பதால்தான் முழு பலத்தோடு, எதிர்ப்பவன் உண்மையாகவே எதிர்க்க, தினமும் பழக முடிகிறது. கானோ தன் பள்ளியில் மையமாக்கிய ‘ரந்தோரி’ எனும் கட்டற்ற பயிற்சியின் சூட்சுமமும் இதுதான். கொடிய பிடிகள் ஒரு சீனப் பள்ளியில் ரகசியமாக இருக்கலாம். அவற்றைப் பாதி பலத்தில், ஒத்துழைக்கும் சீடன் மேல் மட்டுமே செய்துபார்க்க முடியும் என்றால் அது வேலை செய்கிறதா என்று வாத்தியாருக்கே தெரியாது. மேலும் அங்கே தோற்பது என்றால் முகம் போவது, பள்ளி மூடுவது, தலைமுறைப் பகை. மண்டியிட்டுத் தேநீர் கொடுத்துச் சீடனாகும் அமைப்பில் குரு சீடனிடம் தட்டுவதை நினைத்துப் பார்க்க முடியுமா? பாயில் ஒரே மாலையில் பத்து முறை தட்டுகிறார்கள். கறுப்புப் பெல்ட்டும் தட்டுகிறது. தோல்வி அன்றாடமாகிவிட்டால் அதை மறைக்கக் கதை தேவைப்படுவதில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். அதே பாய்க்கு மேலே சுவரில் ஹேலியோவின் படம் தொங்குகிறது. வரிசையாக நின்று வணங்குகிறார்கள். யார் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்ற கொடிவழி ஒப்பிக்கப்படுகிறது. உடைத்த சிலையின் பீடத்தில் இன்னொரு சிலை. கூண்டுச் சண்டையின் விதிகளும் இயற்கையின் நியதி கிடையாது. மிருதுவான தரை, ஒருவருக்கு எதிராக ஒருவர், ஆயுதம் கிடையாது, சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்பது ஓர் அமெரிக்க வியாபாரத்தின் கட்டுமானம்தான். 

வர்க்கக் கோடும் பளிச்சென்று தெரிகிறது. பெருநகரங்களில் ஜியு-ஜித்சு மாதச் சந்தா கட்டும் படித்த இளைஞர்களின் மாலைப்பொழுது. கூண்டுக்குள் போவது வேறு ஆட்கள். செங்டுவில் என்போ என்ற திபெத்தியர் நடத்திய சண்டைக் கழகத்தில் லியாங்ஷான் மலைப்பகுதி அனாதைச் சிறுவர்கள் வளர்ந்தார்கள். 2017 ஜூலையில் பதினான்கு வயதுப் பையன்கள் கூண்டில் மோதும் காட்சி பரவியதும் கூச்சல் எழுந்து, பிள்ளைகளை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் உருளைக்கிழங்கு தவிரச் சாப்பிட ஒன்றுமில்லை என்று ஒரு பையன் சொன்னதும் அதே காட்சியில்தான் இருந்தது. யாருடைய ஒழுக்கக் கோபம், யாருடைய வயிறு? 2019 ஆகஸ்டில் ஷென்ஜென்னில் 42 நொடிகளில் ஜெஸிகா ஆண்ட்ராடேயை வீழ்த்தி யு.எஃப்.சி.யின் முதல் சீனச் சாம்பியன் ஆன ஜாங் வெய்லி சுரங்கத் தொழிலாளியின் மகள். உடற்பயிற்சிக் கூடத்தில் முன்மேசை வேலை பார்த்தவர். சிறுவயதில் சான்டா, பின்னர் பிரேசில்காரர் ஒருவரிடம் ஜியு-ஜித்சு. பட்டத்தை இழந்து, 2022 நவம்பரில் அவர் அதைத் திரும்பப் பிடித்தது குத்தால் அல்ல. கார்லா எஸ்பார்சாவைப் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டித் தட்ட வைத்தார். காவ் ஃபெங்லியானின் வரிசையில் அவரை யாராவது வைத்துப் பேசினார்களா என்று தேடினேன். ஷாவோலினோடு சேர்த்துப் பேசியவர்களே கண்ணில் பட்டார்கள்.

2020இல், மா பாவ்குவோ என்ற இன்னொரு தாய்ச்சிக்காரர் அரை நிமிடத்தில் மயங்கி விழுந்து நாடே சிரித்த பிறகு, ‘மகாகுரு’, ‘பீடாதிபதி’ போன்ற பட்டங்களைத் தாங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஊஷூ சங்கமே தன் ஆட்களைக் கேட்டுக்கொண்டது. 2023 அக்டோபரில் ஹாங்செள ஆசிய விளையாட்டுப் போட்டியில், 1929இல் மேடைபோட்ட அதே ஊரில், ஜியு-ஜித்சுவுக்கு அரசே பாய் விரித்துப் பதக்கம் கொடுத்தது. வித்தைக்கு வரவேற்பு கிடைத்துவிட்டது. அதை வைத்துக் கேள்வி கேட்ட ஷூ ஷியாவ்தோங், தண்டனைக்குப் பிறகு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, மெதுவாகப் போகும் ரயிலில் ஏறித்தான் சண்டைக்குப் போனார்.